விழாவும் விளக்க அட்டையும்: ஜார்ஜ் டவுன் கலைக் கண்காட்சிகளில் தமிழின் இடம்



இலக்கணம், இலக்கியம், கல்வி, ஊடகம் என மொழி வழங்கும் பெருந்துறைகளைப் பற்றி அறிஞர் பலர் இம்மேடையில் உரையாற்றியுள்ளனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு கண்காட்சிக்குள் நுழைந்தால் படத்தின் கீழோ பொருளின் அருகிலோ ஓர் அட்டையைக் காண்கிறோம். அதில் ஐம்பது அல்லது அறுபது சொற்கள் இருக்கும். பார்வையாளர் அரை நிமிடம் நின்று படிப்பார், பிறகு நகர்ந்துவிடுவார். அந்த அட்டையில் வழங்கும் மொழியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதற்குப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் என்னும் கடலோர நகரத்தையும், அங்கு ஆண்டுதோறும் நடக்கும் விழாவையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

புகாரின் விழா

கடலோர நகரம், விழா, தெருவில் ஓவியம் என்றவுடன் இது மேலை நாட்டிலிருந்து வந்த புது வழக்கம் என்று நம்மில் சிலர் நினைக்கக்கூடும். தமிழ் படித்தவர்க்கு அந்த ஐயம் எழ வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் நடந்த இந்திர விழாவைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் விரிவாகப் பேசுகின்றன. மணிமேகலையின் விழாவறை காதையில், யானையின் பிடரியில் முரசை ஏற்றி, இருபத்தெட்டு நாள் விழாவினை நகர மக்களுக்கு அறிவிக்கிறான் முரசறைவோன். தெருவில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள், கொடிகளை உயர்த்துங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள் என்கிறான். அவன் சொல்வது அலங்காரத்தோடு முடியவில்லை. அறம் அறிந்தோர் பந்தலிலும் பொது மன்றங்களிலும் பேசட்டும் என்கிறான். தத்தம் சமயக் கருத்தை வாதிட வல்லோரைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறான். பகைவரிடத்தும் பூசல் கொள்ளாமல் விலகிப் போகுமாறு அறிவுறுத்துகிறான்.

பின்னர் வரும் மலர்வனம் புக்க காதையில், விழாக்கோலம் கொண்ட பெருந்தெருவின் வழியே மணிமேகலையும் சுதமதியும் நடந்து செல்கின்றனர். உயர்ந்த மனைகளின் சுண்ணச் சுவர்களில் தேவர் முதலாக எல்லா வகை உயிர்களையும் கலைவல்லார் வரைந்துள்ளனர். அவற்றின் முன் நின்று பார்த்துக்கொண்டிருந்த மக்களையும் சாத்தனார் காட்டுகிறார். சுவரில் ஓவியமும் அதன் முன் கூடிய கூட்டமும் ஆகிய இக்காட்சியை இன்று ஜார்ஜ் டவுனின் ஆர்மேனியன் வீதியில் எந்த நாளும் காணலாம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. அதே புகார்த் துறைமுகத்தில் வந்து இறங்கிய பொருள்களைப் பட்டினப்பாலை அடுக்கிச் சொல்லும்போது காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கொள்கிறார். கடாரம் என்பது இன்றைய கெடா. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் விரியும் கடற்கரை அது. ஆகவே, ஒரு கடலோர விழாவிலிருந்து இன்னொரு கடலோர விழாவுக்கு நான் தாவுவதைப் பெரிய தாவலாக நீங்கள் கருதமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2008க்குப் பிந்திய ஜார்ஜ் டவுன்

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்களாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்நாள் இப்போது பினாங்கு மாநிலத்தில் பொது விடுமுறை. அதனை ஒட்டி, சமூக அமைப்புகள் பங்குகொள்ளும் மரபு விழா தெருக்களில் நடைபெறுகிறது. 2010இல் ஜார்ஜ் டவுன் கலை விழா தொடங்கியது. நாடகம், நடனம், இசை, ஒளிப்படக் கண்காட்சி எனப் பல நிகழ்ச்சிகள் அரங்குகளில் மட்டுமன்றிக் கடைவீடுகளிலும் சந்துகளிலும் நிகழலாயின.

2012ஆம் ஆண்டு விழாவுக்காக லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் நகரின் சுவர்களில் சில ஓவியங்களைத் தீட்டினார். ஆர்மேனியன் வீதியில் மெய்யான ஒரு பழைய மிதிவண்டியைச் சுவரோடு பொருத்தி, அதன் மேல் இரு குழந்தைகள் அமர்ந்து செல்வதுபோல் அவர் வரைந்த ஓவியத்தை அறியாதவர் மலேசியாவில் குறைவு. அதற்கு முன்பே, மாநில அரசு நடத்திய போட்டியின் விளைவாக, இரும்புக் கம்பிகளை வளைத்துச் செய்த ஐம்பதுக்கு மேற்பட்ட கேலிச்சித்திரங்கள் தெரு முனைகளில் நிறுவப்படத் தொடங்கியிருந்தன. புகழ்பெற்ற காலணிக் கலைஞர் ஜிம்மி சூ தொழில் பயின்ற இடத்தை ஒரு கம்பிச் சித்திரம் காட்டும். இச்சித்திரங்களில் படத்தோடு சொல்லும் சேர்ந்தே இருக்கும். தெருவின் கதையைப் படமும் வாசகமும் பகிர்ந்துகொள்ளும். கைவிடப்பட்டிருந்த ஹின் பேருந்துப் பணிமனை 2014இல் கலைக்கூடமாயிற்று.

இவற்றால் நகரத்துக்கு நன்மை விளைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பாழடைந்த கடைவீடுகள் பல பழுது பார்க்கப்பட்டன. ஆயினும் வேறொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்நீக்கம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பல பத்தாண்டுகள் குறைந்த வாடகையில் கடையும் வீடும் ஒன்றாக வைத்திருந்த கைவினைஞர்கள் பலர் நகரின் மையத்தை விட்டு வெளியேறினர். எஞ்சியவர்களின் தொழில்களைத்தான் விழாக் காலத்தில் ‘மரபுத் தொழில்’ என்று பெயரிட்டுக் காட்சிக்கு வைக்கிறோம். காட்சிக்கு வைக்கப்படும் தொழில் பெரும்பாலும் மறைந்துகொண்டிருக்கும் தொழில். அதனால்தான் அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதைப் பொறுப்பான செயலாகக் கருதுகிறேன்.

அழைப்பிதழ் இல்லாத கண்காட்சிகள்

சமூகக் கலை என்பது 2010இல் அந்நகரத்துக்கு வந்து சேர்ந்ததன்று. தைப்பூசத்தின்போது பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலை நோக்கி வெள்ளி இரதம் செல்லும் வழியெங்கும் அமைக்கப்படும் தண்ணீர்ப் பந்தல்களை எண்ணிப் பாருங்கள். தோரணவாயிலும் வண்ண விளக்கும் கோபுர வடிவமுமாக ஒவ்வொரு பந்தலும் ஒரு குழுவினரின் பல நாள் உழைப்பு. தொழிற்சாலைப் பணியாளரும் துறைமுகத் தொழிலாளரும் மாணவரும் சேர்ந்து கட்டுகின்றனர். காவடி கட்டுவோர் மயிற்பீலியையும் தக்கையையும் கம்பியையும் கொண்டு மாதக்கணக்கில் உழைக்கின்றனர். சூலியா வீதியின் நாகூர் தர்காவில் கொடியேற்றம் நடைபெறும். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்திய இரவு, சியூ குலத்தாரின் மரத்துறையில் நீண்ட வரிசையாக மேசைகளை இட்டுக் கரும்பும் படையலும் அடுக்குவார்கள். இவற்றுக்கு அழைப்பிதழ் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. அங்குக் கலையைச் செய்பவரும் காண்பவரும் ஒரே தெருவினர். எது என்ன என்று சொல்ல அட்டை வேண்டியதில்லை; அருகில் நிற்கும் பாட்டி சொல்லிவிடுவார்.

தெருக்களின் பெயர்களிலும் இத்தகைய சொற்செல்வம் இருந்தது. இன்று லெபோ பாசார் என்னும் தெருவை நம்மவர் கடைத்தெரு என்று அழைத்தனர். லெபோ கிங் படகுக்காரத் தெரு எனப்பட்டது. கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கிய தமிழ்ப் படகுக்காரர்கள் வாழ்ந்த நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் அந்தப் பெயர் இல்லை. அதை அறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது, படகுக்காரர்கள் அங்கு இருந்தார்கள் என்னும் செய்தியும் ஓரளவு அவரோடு போகிறது.

ஒரு பூக்கடையின் முன்

இப்போது என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, விழாவை ஒட்டி, குட்டி இந்தியாப் பகுதியில் ஐந்தடி நடைபாதை ஓரமாகச் சிறு கண்காட்சி ஒன்று அமைக்கப்பட்டது. பூக்கட்டுவோர், பொற்கொல்லர், அம்மி கொத்துவோர், சொங்கோக் தைப்போர் ஆகியோரின் ஒளிப்படங்களும் கருவிகளும் வைக்கப்பட்டன. குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு, திறப்பு நாளுக்கு முந்திய மாலை என்னிடம் அனுப்பி, விடிவதற்குள் தமிழாக்கம் வேண்டும் என்றார்கள். தமிழுக்கு இடம் கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் நானும் உட்கார்ந்து எழுதினேன். பூக்கடை நடத்தும் அம்மையாரின் படத்துக்குக் கீழே ‘மரபுவழிப் பூமாலை தயாரிப்பாளர்’ என்று அச்சாயிற்று.

மறுநாள் அந்த அம்மையார் வந்தார். எழுபதை நெருங்கியவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் படித்தவர். எழுத்துக் கூட்டி மெல்லப் படிப்பார். தம் படத்தை முதலில் பார்த்துச் சிரித்தார். பிறகு அட்டையைப் படித்தார். படித்து முடித்து என்னிடம் கேட்டார்: “தம்பி, தயாரிக்கிறதுன்னா பிஸ்கட் ஆலையில தயாரிக்கிறாங்களே, அதுதானே? நான் மாலை கட்டுறவ.”

நான் பதில் சொல்ல இயலாமல் நின்றேன். அவர் என்னை விடவில்லை. கடைக்கு அழைத்துச் சென்று முக்காலி போட்டு உட்கார வைத்தார். பூவை நூலில் முடிச்சிட்டு விரல்களாலேயே நீட்டிக்கொண்டு போவது தொடுப்பது. அதில் வருவது சரம். ஊசியால் காம்பைக் குத்தி நூலில் ஏற்றுவது கோப்பது. சிறு சிறு கொத்தாக எடுத்து நடுக்கயிற்றைச் சுற்றி இறுக்கிக்கொண்டு வருவதுதான் கட்டுவது. சாமிக்கும் மணமக்களுக்கும் போடும் பெரிய மாலை அப்படித்தான் உருவாகும். பல நிறப் பூவும் பச்சிலையும் கலந்தால் கதம்பம். மாலையின் அடியில் தொங்குவது குஞ்சம். “செய்றதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க அக்கா என்கிறீர்களா?” என்றேன். “சொன்னா, இவருக்குத் தொழில் தெரியாதுன்னு அர்த்தம்,” என்றார்.

தமிழ் கற்பித்து நரைத்த எனக்கு அது உறைத்தது. தொடுத்தல், கோத்தல், கட்டுதல் என்னும் மூன்று வினைகளும் எனக்குத் தெரியாதவை அல்ல. மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஆங்கில வாக்கியத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதியபோது அவற்றுள் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் இருந்தது. நானும் ஒரே சொல்லைத் தேடினேன்.

அன்று பிற்பகல் அவர் சொல்லச் சொல்ல ஒரு வெள்ளை அட்டையில் எழுதி, அச்சிட்ட அட்டையின் மேல் ஒட்டினோம். பள்ளி விட்டு வந்த அவர் பேத்தி அதை உரக்கப் படித்தாள். ‘குஞ்சம்’ என்ற இடத்தில் நிறுத்தி, “பாட்டி, இது எது?” என்று கேட்டாள். பாட்டி எடுத்துக் காட்டினார். கடைக்கு அன்றாடம் வரும் குழந்தை அவள். அந்தச் சொல்லை அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை. கண்காட்சி முடிந்ததும் அச்சிட்ட பலகைகள் எங்கோ போயின. கையால் எழுதிய அட்டையை மட்டும் அவள் கேட்டு வாங்கிச் சென்றாள்.

குறிப்புரை எழுதும் முறை

இந்நிகழ்ச்சி எனக்குக் கற்பித்ததை ஒரு கருத்தாகச் சொல்வதானால், சமூகக் கண்காட்சியில் தமிழ் மொழிபெயர்ப்பாக வரக்கூடாது, மூலமாக வரவேண்டும். தமிழர் தொழிலையும் தமிழர் கலையையும் பற்றிய குறிப்புரை முதலில் தமிழில், அத்தொழிலோரின் வாய்மொழியிலிருந்து எழுதப்பட வேண்டும். அதிலிருந்து மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் செல்லட்டும். சீனர் மரத்துறையைப் பற்றிய குறிப்பு ஹொக்கியன் பேச்சிலிருந்து பிறப்பதும் அதே முறைப்படிச் சரியானது.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி பினாங்கிலேயே உண்டு. கலைக் கல்வியாளர் ஜேனட் பிள்ளை முன்னின்று வளர்த்த ஆர்ட்ஸ்-எட் அமைப்பு, விழாவுக்கும் உலக மரபுத் தகுதிக்கும் முன்பிருந்தே நகரப் பிள்ளைகளைத் தெருக்களுக்கு அழைத்துச் சென்றது. ‘அனாக்-அனாக் கோத்தா’, அதாவது ‘நகரத்துப் பிள்ளைகள்’ என்னும் திட்டத்தில், பிள்ளைகள் கைவினைஞரையும் முதியோரையும் கண்டு பேசினர். கேட்டதை வரைபடமாகவும் நாடகமாகவும் கண்காட்சியாகவும் மீண்டும் அதே மக்கள் முன் வைத்தனர். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதால் பெரியவர்கள் பொறுமையாகச் சொல்கிறார்கள். தம் வாயால் சொன்னது காட்சியில் வருவதால் திருத்தவும் உரிமை கொள்கிறார்கள். நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் விழாவுக்கு வரவேற்பு நடனம் ஆடுவதோடு நின்றுவிடாமல், குறிப்புரை எழுதுவோராகவும் வரலாம் அல்லவா?

பொற்கொல்லரிடம் செல்லும் மாணவன் ‘நகை செய்பவர்’ என்று எழுதிக்கொண்டு திரும்பினால் அவன் எதையும் கொண்டுவரவில்லை. கம்பி இழுத்தல், கல் பதித்தல், மெருகேற்றுதல் என்று கேட்டு எழுதினால் அவன் ஒரு பட்டறையையே கொண்டுவருகிறான். பற்றவைக்கும்போது பொடி வைத்து ஊதுவதைக் கண்டுவிட்டால், ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்னும் வழக்கு அவனுக்கு வேறு விதமாக விளங்கும். அம்மி தேய்ந்தால் அதைக் கொத்துவார்கள் என்பதை அறிந்தால், தெருவில் ஒருகாலத்தில் கேட்ட கூவலின் பொருள் தெரியும்.

நடைமுறையில் சில விதிகளை நான் இப்போது பின்பற்றுகிறேன். முதலில் கைவினைஞரின் பேச்சைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர் பயன்படுத்தும் வினைச்சொற்களைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். தொழிலின் உயிர் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லில் இருக்கிறது. பிறகு அறுபது சொற்களுக்குள் எழுத வேண்டும். எழுதியதை அவருக்கே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர் முகம் சுளிக்கும் இடத்தில் பிழை இருக்கிறது. எழுத்தறியாத முதியவர் உண்டு. பார்வை மங்கியவர் உண்டு. அவர்களுக்காக அந்தப் பதிவின் ஒரு பகுதியைக் கேட்கும் வசதி வேண்டும். இறுதியாக, கண்காட்சி முடிந்தபின் அட்டைகளையும் பதிவுகளையும் ஏதேனும் ஒரு பள்ளி நூலகத்திலாவது சேர்த்து வைக்க வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

இங்கு இரண்டு மறுப்புகள் எழும். ஓர் அட்டையில் நான்கு மொழிகளுக்கு இடமில்லை என்பர் அமைப்பாளர். அது உண்மையான இடர்ப்பாடுதான். எல்லா அட்டையிலும் எல்லா மொழியும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாருடைய வாழ்வு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறதோ, அவர் அங்கு வந்து நின்று தம்மைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கும் நிலை வேண்டும். அவருடைய மொழிக்கு அந்த அட்டையில் முதல் உரிமை உண்டு. அந்தக் குறைந்த அளவு நிறைவேறினால் போதும்.

இரண்டாம் மறுப்பு நம்மிடமிருந்தே வரும். “தமிழில் எழுதினால் யார் படிக்கப் போகிறார்? வருவோர் எல்லாரும் வெளிநாட்டார்” என்கிறோம். படிப்பதற்கு அந்தப் பேத்தி இருந்தாள். அவளைப் போன்றவர்கள் சிலரே என்றாலும், அச்சொற்களைப் பெற்றுக்கொள்ளப் போகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். வெளிநாட்டார் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மேலும், இக்குறையை அமைப்பாளர் தலையில் மட்டும் சுமத்துவதும் முறையன்று. திட்டமிடும் கூட்டத்துக்கு அழைத்தால் நம்மில் எத்தனை பேர் செல்கிறோம்? திறப்பு விழாவுக்குப் பொன்னாடையோடு செல்வதில் காட்டும் ஆர்வத்தை ஆறு மாதம் முன்பு நடக்கும் கூட்டத்தில் காட்டினால், விடிவதற்குள் மொழிபெயர்க்கும் அவலம் நேராது.

நிறைவாக

சியூ மரத்துறையில், படகில் செல்லும் குழந்தைகளை எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்திருந்தார். உப்புக்காற்றும் வெயிலும் பட்டு அந்த ஓவியம் நாளடைவில் மங்கிப்போயிற்று. கடலோரச் சுவரில் வண்ணம் நிலைக்காது. அதை அறிந்துதான் அங்கு வரைகிறார்கள். ஓவியம் மங்குவதற்காக நான் பெரிதும் வருந்தவில்லை. மறு ஆண்டு வேறொருவர் வரையலாம். மங்கிய சொல்லை அங்ஙனம் மீண்டும் தீட்ட இயலாது. அதைச் சொல்லித் தரும் வாய் ஒன்று உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்திர விழாவை நடத்த மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறுகிறது. தன் மகனைக் காணாது தேடிய துயரத்தில் சோழ மன்னன் விழாவை மறந்தான். காப்பியம் அவனைக் கொடியவனாகக் காட்டவில்லை, மறந்தவனாகவே காட்டுகிறது. நம் காலத்தில் விழாக்கள் குறைவின்றி நடக்கின்றன. ஆனால் விழாவின் நடுவே அமர்ந்து மாலை கட்டுபவரை, மாலை கட்டுபவர் என்று அவர் மொழியில் எழுத மறக்கிறோம்.

அந்த அம்மையாரின் கடை இப்போது அவ்விடத்தில் இல்லை. விரல் மூட்டு வலியால் தொழிலை நிறுத்திவிட்டு மகள் வீட்டுக்குச் சென்றுவிட்டார் என்று அறிந்தேன். கடந்த ஆண்டு அந்தப் பேத்தியை ஒரு பள்ளி நிகழ்ச்சியில் பார்த்தேன். அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு சார். பாட்டி அதுல ஒரு பிழையைத் திருத்திட்டாங்க,” என்றாள். அது என்ன பிழை என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த முறை கேட்டுத் தெரிந்துகொள்வேன்.